‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்ற சொல் பத்திரத்தில் இல்லை

நம் ஊர்ப்பக்கம் புதிய கார் ஒன்று வீட்டு வாசலுக்கு வந்து நின்றால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் வரும். விலை என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், மாதத் தவணை எவ்வளவு, கடைசியாக, “ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாயிற்றா?” போட்டாயிற்று என்ற ஒரு சொல்லோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் காணிப்பாக்கத்துக்குப் பூசைக்குக் கொண்டு போவார்கள். காப்பீட்டுப் பத்திரமோ, விற்பனை நிலையத்தார் கொடுத்த பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே வராமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும்.

அதைத் திறந்து படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்ற சொல் அதில் எங்கும் இராது. அது விற்பவரும் வாங்குபவரும் வசதிக்காகப் பேசிக்கொள்ளும் சொல். பத்திரத்தில் இருப்பவை வேறு: எந்தெந்த ஆபத்துகளுக்குப் பொறுப்பு, எவற்றுக்குப் பொறுப்பில்லை, எவ்வளவு தொகை வரை, வண்டியை எதற்குப் பயன்படுத்தினால், யார் ஓட்டினால். இழப்பு நேர்ந்த நாளில் பேசப்படுவது இந்த வரிகள்தாம். கங்காதர நெல்லூரிலும் அதைச் சுற்றியும் வாழும் வாடிக்கையாளர்களில் கார்க் கடன் பெற்றவர்கள் பலர், பெறவிருப்பவர்களும் உண்டு. பிரீமியத்தைக் கட்டுவதற்கு முன் இந்த வரிகளை எப்படிப் பார்ப்பது என்பதை அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறோம்.

சட்டம் கேட்பதும் நமக்கு வேண்டியதும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும் என்கிறது. அது இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். இதற்கான பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். ஆகவே இந்தப் பகுதியில் நிறுவனத்துக்கு நிறுவனம் விலையை ஒப்பிட்டு அலைய வேண்டியதில்லை.

நம் காரால் பிறருக்கு உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை இந்தக் காப்பீடு ஏற்கும். பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தை 7.5 லட்சம் ரூபாய் வரை ஏற்கும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. அதற்குச் ‘சொந்த சேதம்’ என்ற தனிப் பகுதி வேண்டும். இரண்டும் சேர்ந்த பத்திரத்தைத்தான் ‘பேக்கேஜ் பாலிசி’ என்கிறார்கள். மக்கள் வழக்கில் அதுவே ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ ஆகிவிட்டது.

இந்த இரு பகுதிகளும் ஒரே தேதியில் முடிவதில்லை என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம், புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்கு ஒருசேர வழங்க உத்தரவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. சொந்த சேதப் பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்கே தரப்படுகிறது. ஆக, புதிய காரின் பத்திரத்தில் இரண்டு முடிவுத் தேதிகள் அச்சாகியிருக்கும். “மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டோம்” என்ற நினைவில் இருப்பவர், இரண்டாம் ஆண்டில் தம் வண்டிக்கென்று எந்தக் காப்பும் இல்லாமலேயே ஓட்டிக்கொண்டிருக்கக்கூடும். போக்குவரத்துக் காவலர் நிறுத்திக் கேட்டாலும் தவறு வெளிப்படாது, ஏனெனில் சட்டம் கேட்கும் காகிதம் சரியாகவே இருக்கும். மரத்தில் மோதிய பிறகுதான் தெரியவரும்.

நீரில் நின்ற வண்டி

2021 நவம்பர் நடுவில் பெய்த பெருமழையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திருப்பதியின் தெருக்கள் ஆறுகளாயின. வண்டிகள் நீரில் அடித்துச் செல்லப்பட்டன. திருமலை மலைப்பாதைகளில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. 19ஆம் தேதி, அன்றைய கடப்பை மாவட்டத்தில், செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்தது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், சென்னையும் இதைப் பார்த்தது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் நீவா ஆற்றின் பக்கத்து ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது இன்றும் வழக்கம்தான்.

வெள்ளத்துக்குக் காப்பு உண்டா? உண்டு. சொந்த சேதப் பகுதியில் தீ, இடி, திருட்டு, கலவரம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பாறைச்சரிவு, வெளியிலிருந்து நேரும் விபத்து முதலியன ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கும். மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு நிலச்சரிவு என்ற அந்த ஒரு சொல் பெரிது. ஆனால் அதே பக்கத்தில், சற்றுக் கீழே, பொறுப்பேற்காதவற்றின் பட்டியலும் இருக்கும்: தொடர்விளைவான இழப்பு, தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின்கோளாறு. வெள்ளத்தில் நின்ற கார்கள் பல இந்த இரண்டு பட்டியல்களுக்கு நடுவில்தான் மாட்டிக்கொண்டன.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். இரவு பெய்த மழையில் வாசலில் நின்ற காரின் இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. விடியும்போது வடிந்துவிட்டது. வண்டி வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, சேறுதான் படிந்திருக்கிறது. உடல்நலமில்லாத பெரியவரை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மகன் சாவியைத் திருகுகிறார். காற்று உள்ளே செல்லும் குழாய் வழியாக எஞ்சினின் சிலிண்டருக்குள் புகுந்திருந்த நீர் பிஸ்டனைத் தடுக்கிறது. காற்றைப்போல நீர் அமுங்காது. ஆகவே பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைகிறது. ஒரு நொடியில் எஞ்சின் போயிற்று.

சர்வேயர் வந்து பார்க்கும்போது இரண்டு சேதங்களைத் தனித்தனியே எழுதுவார். நனைந்த இருக்கைகள், தரைவிரிப்பு, நீர் புகுந்த மின்கருவிகள் ஆகியவை வெள்ளத்தால் நேர்ந்தவை. வளைந்த தண்டு, நீர் நின்றபோது நேர்ந்ததன்று; வண்டியைக் கிளப்பியதால் நேர்ந்தது என்றும், ஆகவே அது தொடர்விளைவு என்றும் எழுதுவார். எஞ்சினுக்கான செலவுதான் இவற்றுள் மிகப் பெரியது. அது குடும்பத்தின் தலையில் விழும். நிறுவனத்தார் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் விதிவிலக்கு பத்திரத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது.

இந்த இடத்துக்கென்றே ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் காப்பு விற்கப்படுகிறது. வெள்ளம் வரக்கூடிய ஊர்களில் இருப்பவர்கள் மற்றக் கூடுதல் காப்புகளுக்கு முன் இதைப்பற்றி விசாரிப்பது நல்லது என்பது எங்கள் எண்ணம். விசாரிக்கும்போது அதன் நிபந்தனைகளையும் கேட்க வேண்டும். நீர் ஓடும் தரைப்பாலத்தில் தெரிந்தே வண்டியை இறக்கினால் தருவார்களா, எத்தனை ஆண்டு பழைய வண்டி வரை தருவார்கள், பத்திரக் காலத்தில் எத்தனை முறை கோரலாம் என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். காப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீரில் நின்ற வண்டியைக் கிளப்பக் கூடாது. நீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பது தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். பெரியவரை வேறு வண்டியில் அனுப்பலாம்.

அறுபதாயிரம் ரூபாய் பில்லில் நம் பங்கு

வெள்ளம் அரிது, முன்பம்பர் நசுங்குவது அன்றாடம். அதிலும் பலர் வியப்படைவதுண்டு. பழுதுபார்த்த பில் முழுவதையும் நிறுவனம் தரும் என்று எண்ணியிருப்பார்கள். பத்திரம் சொல்வது வேறு. மாற்றப்படும் ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குப் பாதி விலை, ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதக் கழிவு, கண்ணாடிக்குக் கழிவில்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் ஒன்றுமில்லை, பிறகு ஓராண்டு வரை 5 சதவீதம், இரண்டாண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50.

நான்காம் ஆண்டில் ஓடும் ஒரு கார் லாரியின் பின்புறம் மோதியதாகக் கொள்வோம். பில் 60,000 ரூபாய். அதில் பிளாஸ்டிக் பம்பர் 9,000. பிளாஸ்டிக் உறையுள்ள முகப்பு விளக்கு 11,000. இரண்டுக்கும் பாதி, ஆக 10,000 கிடைக்கும். பானட் 14,000, கால் பங்கு கழிந்து 10,500. முன்கண்ணாடி 8,000, அப்படியே. வண்ணப்பூச்சு 10,000, அதில் கால் பங்கைப் பொருள் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக 8,750. கூலி 8,000, அப்படியே. கூட்டினால் 45,250. இதிலிருந்து கட்டாயக் கழிவுத் தொகை, 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், கழிந்து 44,250 வரும். மீதி 15,750 ரூபாயை உரிமையாளர் கட்ட வேண்டும். ‘ஜீரோ டிப்ரீசியேஷன்’ என்ற கூடுதல் காப்பு இருந்திருந்தால் அவர் தந்திருக்க வேண்டியது அந்த ஆயிரம் மட்டுமே. எண்ணெய், திருகாணி போன்ற சில்லறைப் பொருள்களுக்குத் தனிக் காப்பு இல்லையென்றால் அவையும் சேரும்.

கூடுதல் காப்பு வாங்க வேண்டுமா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. வண்டி புதிது, உதிரிபாக விலை அதிகம், ஓட்டுபவர் புதியவர் என்றால் வாங்கலாம். ஏழெட்டு ஆண்டு ஓடிய வண்டிக்குப் பல நிறுவனங்கள் அதைத் தருவதே இல்லை. ‘தானாக ஏற்கும் கழிவு’ என்ற ஒன்றும் உண்டு. ஒவ்வொரு இழப்பிலும் முதல் 5,000 ரூபாயையோ 15,000 ரூபாயையோ நாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். இணையத்தில் மிகக் குறைந்த விலையில் ஒரு பாலிசி கண்ணில் பட்டால், இந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஓர் எண் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

யார் ஓட்டினால், எதற்கு ஓட்டினால்

பத்திரத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்றொரு சிறு பத்தி உண்டு. சொந்தக் காருக்குரிய பத்திரம் வாடகைக்கு ஓட்டுவதை ஏற்பதில்லை. சொந்தப் பயணச் சாமான் அல்லாத சரக்கு ஏற்றுவதையும் ஏற்பதில்லை. திருமலைக்கு வருகிற வெளியூர்க்காரர்களை வெள்ளைப் பலகைக் காரில் ஏற்றிப் போய்ப் பணம் வாங்குவது நம் பகுதியில் பலருக்குப் பழக்கம். தெரிந்தவர்தானே, டீசல் காசுதானே என்பார்கள். விபத்து நடந்தால் விசாரணை அந்த டீசல் காசில் போய்த்தான் நிற்கும். பெங்களூரா மாங்காய்ப் பருவத்தில் பின்னிருக்கையை மடக்கிக் கூடைகளை அடுக்கி மண்டிக்கு ஓட்டுவதும் அப்படியே. தொழிலுக்கு வண்டி வேண்டுமென்றால் அதற்குரிய பதிவும் அதற்குரிய பத்திரமும் எடுப்பதுதான் வழி. எரிவாயு கிட் பொருத்தினாலும் அதை ஆர்.சி.யிலும் பத்திரத்திலும் ஏற்றியாக வேண்டும்.

உள்ளே அமர்ந்திருப்பவர்களின் நிலை இன்னும் முக்கியமானது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. தம் நிறுவனத்துக்குச் சொந்தமான காரில் சென்று காயமடைந்த நிர்வாக இயக்குநர் ஒருவர் இழப்பீடு கேட்டிருந்தார். பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் பயணம் செய்பவருக்கும் நிறுவனம் பொறுப்பு. சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பாலிசி மட்டும் என்றால் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அவரிடம் இருந்தது எந்தப் பாலிசி என்பதைப் பத்திரத்தைப் பார்த்து முடிவு செய்யும்படி தீர்ப்பாயத்துக்கே வழக்கைத் திருப்பி அனுப்பியது. டெல்லி வரை போன வழக்கு, பத்திரத்தில் அச்சான ஒரு தலைப்பில் வந்து நின்றது. சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்று ‘தேர்டு பார்ட்டி மட்டும் போடுங்கள்’ என்று சொல்பவர்கள், பின்னிருக்கையில் தம் குடும்பமே அமரப்போகிறது என்பதையும் எண்ண வேண்டும்.

அடுத்தது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு. பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு, அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால், அது பயன்படும். நம் குடும்பங்களில் கார் தந்தை பெயரிலோ தாயார் பெயரிலோ இருக்கும், ஓட்டுவது மகன். மகனுக்கு விபத்து நேர்ந்தால் இந்த 15 லட்சம் அவருக்கு வராது. அவர் பெயரைக் குறிப்பிட்டுத் தனியாக விபத்துக் காப்புச் சேர்க்க வேண்டும். சம்பள ஓட்டுநர் வைத்திருப்பவர்கள், அவருக்கான சட்டப் பொறுப்பைப் பத்திரத்தில் சேர்க்க ஆண்டுக்கு 50 ரூபாய் அளவில்தான் செலவாகும். விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தில் ஒரு குறி இட மறப்பதால் விடுபடுவது இது.

காரின் மதிப்பும் கடனின் மீதியும்

இனிச் சொல்லப்போவதில் எங்களுக்கும் நலன் உண்டு என்பதை மறைக்கவில்லை. கடன் கொடுத்தவர்கள் நாங்கள்.

கார் திருடுபோனாலோ, பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். அப்போது கிடைப்பது ஐ.டி.வி. எனப்படும் மதிப்பு. விற்பனை நிலையப் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து அது கணக்கிடப்படுகிறது: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50. நாம் கட்டிய வாழ்நாள் வரியும் பதிவுச் செலவும் அந்த விலையில் சேராது. அவையும் திரும்ப வேண்டுமென்றால் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் காப்பு வேண்டும்.

பட்டியல் விலை 8,00,000 ரூபாய் உள்ள காருக்கு 7,00,000 ரூபாய் கடன், ஆண்டு வட்டி 9 சதவீதம், ஏழு ஆண்டுத் தவணை என்று கொள்வோம். மாதம் 11,262 ரூபாய் வரும். இரண்டு ஆண்டு தவறாமல் கட்டிய பின் மீதிக் கடன் ஏறத்தாழ 5,42,500. மூன்றாம் ஆண்டில் காரின் மதிப்பு, 30 சதவீதம் கழித்து, 5,60,000. அந்த ஆண்டில் வண்டி களவுபோனால் கட்டாயக் கழிவு நீங்கி 5,59,000 வரும். கடன் தீர்ந்து, கையில் 16,500 மிஞ்சும். புதுப்பிக்கும்போது பிரீமியத்தை ஆயிரம் ரூபாய் அளவில் குறைத்துக் காட்டுவதற்காக மதிப்பை 4,80,000 என்று இறக்கி எழுதியிருந்தால்? 4,79,000தான் வரும். 63,500 ரூபாய்க் கடன், காரில்லாமல், கட்ட வேண்டியதாக நிற்கும். இணையத்தில் அந்த மதிப்பை ஏற்றவும் இறக்கவும் ஒரு வசதி இருக்கும். பலர் இறக்கும் பக்கமே விரலை வைக்கிறார்கள்.

கடன் உள்ள வரை பத்திரத்தில் வங்கியின் பெயர் அடமான உரிமையாளராகப் பதிவாகியிருக்க வேண்டும். முழு இழப்புத் தொகை முதலில் கடனுக்கே வரும். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றைப் பெற்று, ஆர்.சி.யிலும் பத்திரத்திலும் அந்தப் பெயரை நீக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு, பிறகு வண்டியை விற்கும் நாளில் கிளைக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பழைய கார்

வேலூரிலும் சென்னையிலும் பழைய கார் வாங்கி இங்கே ஓட்டுவது நம் பகுதியின் வழக்கம். விற்பவர், “ஆறு மாதம் இன்சூரன்ஸ் இருக்கிறது” என்பார். இருக்கும், ஆனால் அவர் பெயரில். மூன்றாம் நபர் பகுதி சட்டப்படி புதிய உரிமையாளருக்குத் தானாக மாறும். சொந்த சேதப் பகுதி அப்படி மாறாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை வண்டிக்கு நேரும் சேதத்துக்கு, விற்றவருக்கு வண்டியில் உரிமையில்லை; வாங்கியவருக்குப் பத்திரத்தில் பெயரில்லை.

‘நோ கிளெய்ம் போனஸ்’ என்னும் தள்ளுபடியும் வண்டியோடு வராது. அது ஆளுக்கு உரியது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் அத்தள்ளுபடியை விற்றவர் தம் அடுத்த காருக்கு எடுத்துப் போகலாம். வாங்கியவர் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். முன்பு இழப்பீடு பெற்றதை மறைத்து இந்தத் தள்ளுபடியைக் கேட்பவர்கள், சேத நாளில் அந்தப் பொய் வெளிவரும் என்பதை எதிர்பார்க்கலாம். பத்திரம் காலாவதியாகி 90 நாள் கடந்தால், சேர்த்து வைத்த தள்ளுபடி முழுவதும் போய்விடும்.

வண்டியை ஓராண்டுக்கு மேல் ஆந்திரத்தில் வைத்திருப்பதானால் மறுபதிவு தேவை. புதிய எண்ணையும் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொந்த சேதப் பிரீமியத்துக்குச் சென்னை ‘ஏ’ மண்டலம், வேலூரும் சித்தூரும் ‘பி’ மண்டலம். இங்கே பதிவாவதில் கட்டணம் சற்றுக் குறைய இடமுண்டு.

கையெழுத்துக்கு முன்

நம்மில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் படித்தது தெலுங்கு, பத்திரம் வருவது ஆங்கிலத்தில். புரியாததைப் புரிந்ததுபோல் வாங்கி வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விற்கிறவர்தான் விளக்கியாக வேண்டும். முன்மொழிவுப் படிவத்தை வேறொருவர் நிரப்பினால், அதிலுள்ளவை தமக்கு விளக்கப்பட்டன என்று வாடிக்கையாளர் ஒப்பமிடும் ஒரு பகுதி படிவத்தின் முடிவில் இருக்கும். விளக்காமலே அங்கே கையெழுத்துக் கேட்டால், பேனாவை மூடி வைத்துவிட்டு விளக்கச் சொல்லுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, காப்பின் அளவு, கூடுதல் காப்புகள், விதிவிலக்குகள், இழப்பீடு கோரும் முறை ஆகியவற்றை எளிய மொழியில் தரும் ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ ஒன்றைப் பத்திரத்தோடு தர வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

கார்க் கடனோடு காப்பீடும் எங்கள் கிளைகளில் கிடைக்கிறது. ஆனால் கடன் வேண்டுமென்றால் இங்கேதான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது. வெளியில் எடுத்த பத்திரத்தையும் அடமானக் குறிப்போடு கொண்டுவந்தால் போதும். கார் விற்பனை நிலையத்துக்கும் இது பொருந்தும். மூன்று இடங்களில் விலை கேட்கும்போது, மூவரிடமும் ஒரே ஐ.டி.வி., ஒரே கழிவுத் தொகை, ஒரே கூடுதல் காப்புகளைச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒரே தராசில் வைத்து விலை பேசியதாகும்.

பணம் நிறுவனத்துக்குச் சேராதவரை காப்பு தொடங்காது. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு அப்படிச் சொல்கிறது. காசோலை திரும்பினால் பத்திரம் கையில் இருந்தும் காப்பு இராது. பத்திரம் வந்ததும் பெயர், பதிவெண், எஞ்சின் எண், சேசிஸ் எண், தொடங்கும் நாளும் நேரமும், இரு பகுதிகளும் முடியும் தேதிகள், வங்கியின் பெயர் ஆகியவற்றை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் இப்போது திருத்துவது ஒரு மின்னஞ்சல் வேலை. விபத்துக்குப் பின் அது மாதக்கணக்கில் இழுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் இழப்பீட்டில் பிணக்கு எழலாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை; 50 லட்சம் ரூபாய் வரையுள்ள பிணக்குகளை அவர் விசாரிப்பார். கங்காதர நெல்லூர், சித்தூர், திருப்பதி வாசகர்களுக்கு அந்த அலுவலகம் ஐதராபாத்தில் உள்ளது. எல்லைக்கு அப்பால் பள்ளிப்பட்டிலோ காட்பாடியிலோ இருப்பவர்களுக்குச் சென்னையில். மனுவை இணையத்திலும் பதியலாம். பத்திரத்தின் நகல், சர்வேயர் அறிக்கை, நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை மனுவோடு இணைக்க வேண்டும். ஆகவே டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு நகலை எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். வண்டி காணாமல் போனால் உறையும் அதோடு போய்விடும்.